தலை வலிக்காமலேயே வரும் ஒற்றைத் தலைவலி

சகோதரி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீடு பட்டர்வொர்த்தில், வேலை பாலம் கடந்து பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில், வயது 39. பத்தொன்பது வயதிலிருந்து ஒற்றைத் தலைவலி. மாதம் இரண்டு மூன்று முறை வந்து ஆளைப் படுக்க வைத்துவிடும். கடந்த எட்டு மாதமாகத் தலைவலி அவ்வளவாக இல்லை, ஆனால் தலைச்சுற்றல் வந்து சேர்ந்துவிட்டது. சில நாள் அறையே சுழல்கிறது, சில நாள் ஃபெர்ரியில் நிற்பது போல் தரை ஆடுகிறது. காது டாக்டர் காதில் குறையில்லை என்கிறார். எம்ஆர்ஐ படமும் சரியாக இருக்கிறது. ஒருவர் கழுத்தெலும்பு தேய்மானம் என்கிறார், இன்னொருவர் மனக்கவலை என்கிறார், மாமியார் பித்தம் என்கிறார். 'எனக்கு உண்மையில் என்னதான்? வேலையை விட வேண்டியிருக்குமா?' இதுதான் நீங்கள் கேட்டது.

நான் ஜார்ஜ்டவுனில் பிசியோதெரபிஸ்ட். பதினான்கு வருடமாகச் சமநிலைக் கோளாறு உள்ளவர்களோடுதான் என் வேலை. நேரில் பார்க்காமல் இதுதான் நோய் என்று முடிவு கட்ட முடியாது. அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் மனம் ஒரே இடத்தில்தான் போய் நின்றது. வெஸ்டிபுலர் மைக்ரேன் என்று அதற்குப் பெயர். தலைவலியோடு சேர்ந்தோ, தலைவலியே இல்லாமலோ, தலைச்சுற்றலாக வெளிப்படும் ஒற்றைத் தலைவலி அது. நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வாழ்நாளில் வரக்கூடியது, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இவ்வளவு பேருக்கு வரும் நோய்க்குப் பெயர் தெரியாமலேயே வருடக்கணக்கில் அலைந்துவிட்டு என்னிடம் வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கனத்துப்போகிறது.

என் அம்மாவும் அப்படி அலைந்தவர்தான். நிபோங் திபாலில் எங்கள் பழைய வீட்டில், மாதத்தில் சில நாள் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு இருட்டறையில் படுத்திருப்பார். ஐம்பதை நெருங்கும்போது தலைவலி நின்றது. தொல்லை விட்டது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டோம். கொஞ்ச நாளில் தலைச்சுற்றல் ஆரம்பித்தது. படுக்கையறையிலிருந்து குளியலறைவரை சுவரில் கையை வைத்துக்கொண்டேதான் போவார். வெள்ளையடித்த அந்தச் சுவரில் இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு கை அகலத்துக்கு, நீளமாக ஒரு அழுக்குக் கோடு விழுந்திருந்தது. தீபாவளிக்குத் தீபாவளி அப்பா அதன்மேல் வெள்ளையடிப்பார், பொங்கலுக்குள் மறுபடி தெரியும். அந்தத் தலைவலிக்கும் இந்தத் தலைச்சுற்றலுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எங்களிடம் யாருமே சொல்லவில்லை. நான் படித்து முடித்து வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

இளம் வயதில் தலைவலி, பிறகு சில வருடம் அமைதி, மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டித் தலைச்சுற்றல் என்று வருவது இந்த நோயில் அடிக்கடி பார்க்கிற போக்கு. உங்களுக்குக் கொஞ்சம் முன்னதாகவே வந்திருக்கிறது, அதுவும் நடப்பதுதான். சிறுவயதில் காரில் ஏறினாலே வாந்தி எடுத்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதையும் கவனித்தேன். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குப் பயண வாந்தி மற்றவர்களைவிட அதிகம்.

தலை வலிக்காதபோது அதை எப்படித் தலைவலி நோய் என்று சொல்வது? நியாயமான கேள்விதான். ஒற்றைத் தலைவலி என்பது மூளையின் உணர்வுத்தன்மை கூடிப்போகும் ஒரு நோய், வலி அதன் ஒரு முகம் மட்டுமே. சாதாரண வெளிச்சம் கண்ணைக் கூசுவதும், அடுப்படிச் சத்தம் காதை அறுப்பதும், பக்கத்து வீட்டுச் சாம்பார் வாசனை குமட்டுவதும் அதனால்தான். உடல் எந்தப் பக்கம் சாய்கிறது, தலை எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்கிற தகவலும் அதே மாதிரி ஒரு உணர்வுதான். கண்ணுக்கு வெளிச்சம் கூசுவது போல, மூளைக்கு அசைவு கூசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் நிமிர்ந்து நிற்பதற்கு மூளை மூன்று பேரிடம் விசாரிக்கிறது: உள்காது, கண், பாதமும் மூட்டுகளும். உள்காதில் தலை திரும்புவதைச் சொல்ல மூன்று அரைவட்டக் குழல்களும், சாய்வையும் முன்பின் நகர்வையும் சொல்ல இரண்டு பைகளும் இருக்கின்றன. அங்கிருந்து வரும் செய்தி மூளைத்தண்டில் போய்ச் சேரும் இடமும், தலைவலியைக் கொண்டுவரும் முக்கிளை நரம்பு போய்ச் சேரும் இடமும் அருகருகே இருக்கின்றன, ஒன்றோடொன்று இழைகளால் இணைந்திருக்கின்றன. உள்காதின் ரத்தக் குழாய்களுக்கும் அந்த நரம்பின் கிளைகள் போகின்றன. ஒரு பக்கம் கிளர்ந்தால் மறுபக்கமும் கிளர்வதற்கு வழி அங்கேயே இருக்கிறது. காதில் குறை இல்லாமல் காதுக்கோளாறு போன்ற தொல்லை வருவதற்கு இதுதான் காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியாததற்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. எம்ஆர்ஐ மூளையின் அமைப்பைப் படம் பிடிக்கிறது, அது வேலை செய்யும் விதம் தடுமாறுவதைக் காட்டாது. அதனால் படம் சரி என்பதைக் கட்டி இல்லை, பழைய பக்கவாதத் தழும்பு இல்லை என்கிற நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒன்றுமில்லை என்று அதற்குப் பொருள் கிடையாது.

இதை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனையோ கருவியோ கிடையாது, கேட்டறிந்துதான் சொல்ல வேண்டும். 2012-இல் சமநிலைக் கோளாறு ஆய்வாளர்களின் பாரனி சங்கமும் சர்வதேசத் தலைவலிச் சங்கமும் சேர்ந்து ஒரு வரையறை கொடுத்தன. தலைச்சுற்றல் குறைந்தது ஐந்து முறையாவது வந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் 5 நிமிடத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். இப்போதோ முன்போ ஒற்றைத் தலைவலி இருந்திருக்க வேண்டும். வந்த சுற்றல்களில் பாதியிலாவது ஒற்றைத் தலைவலியின் ஏதாவது ஓர் அடையாளம் கூட வந்திருக்க வேண்டும். அது ஒற்றைத் தலைவலிக்கே உரிய தலைவலியாக இருக்கலாம், வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து தாங்க முடியாமல் போவதாக இருக்கலாம், கண்ணில் மின்னலாகவோ வளைகோடாகவோ தெரிவதாக இருக்கலாம். வேறு எந்த நோயும் இதைவிடப் பொருத்தமாக இல்லை என்பதும் சேர வேண்டும். தலைச்சுற்றல் நாளில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பிள்ளைகளின் டிவியை நிறுத்தச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை எந்த டாக்டரிடமாவது சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள், ஏனென்றால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்புறம், நேரம். சமநிலைத் துறையில் இருக்கிற எங்களுக்கு 'எப்படிச் சுற்றுகிறது' என்பதைவிட 'எவ்வளவு நேரம் சுற்றுகிறது' என்பது முக்கியம். படுக்கையில் புரளும்போதோ மேல் அலமாரியில் டப்பா எடுக்க அண்ணாந்து பார்க்கும்போதோ அறை சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டால், பெரும்பாலும் உள்காதின் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியிருக்கிறது. அதற்கு மாத்திரை தேவையில்லை. ஜான் எப்லி 1992-இல் விவரித்த முறைப்படி தலையைச் சில நிலைகளில் திருப்பி வைத்தால் துகள் தன் இடத்துக்குத் திரும்பிவிடும், பலருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே சரியாகிவிடும். இதைச் சொல்வதற்குக் காரணம், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இந்தத் துகள் கோளாறும் கூடுதலாகவே வருகிறது. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். அதனால் படுக்க வைத்துத் தலையைத் திருப்பிக் கண்ணசைவைப் பார்க்கும் டிக்ஸ் ஹால்பைக் சோதனையை யாராவது செய்தார்களா என்று கேளுங்கள். செய்யவில்லையென்றால் செய்யச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை.

சுற்றல் சில மணி நேரம் நீடித்து, கூடவே ஒரு காது அடைத்து, இரைச்சல் கேட்டு, கேட்கும் திறன் படிப்படியாகக் குறைந்தால் அது மெனியர் என்கிற உள்காது நோயாக இருக்கலாம். ஒற்றைத் தலைவலிச் சுற்றலிலும் காது அடைப்பது உண்டு, ஆனால் செவித்திறன் வருடாவருடம் குறைந்துகொண்டே போவதில்லை. ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை செவித்திறன் சோதனை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

கழுத்தெலும்பு தேய்மானத்தைப் பற்றி என் கருத்தை நேராகவே சொல்கிறேன். நாற்பதை ஒட்டிய வயதில் எக்ஸ்ரே எடுத்தால் பலருக்குக் கொஞ்சம் தேய்மானம் தெரியும், அவர்களில் பெரும்பாலோருக்குத் தலை சுற்றுவதில்லை. அந்தப் படத்தை வைத்து மட்டும் தலைச்சுற்றலுக்குக் காரணம் சொல்லக்கூடாது. கழுத்தைத் திருகிச் சொடுக்கு எடுப்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். கழுத்து ரத்தக் குழாயில் கிழிசல் விழுந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

பக்கவாதம் என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் எல்லாரும் படிக்கட்டும். தலைச்சுற்றலோடு பேச்சு குழறினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், முகமோ கையோ ஒரு பக்கம் மரத்தால் அல்லது இழுத்தால், விழுங்க முடியாமல் போனால், பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமல் போனால், இதுவரை அறியாத கடுமையான தலைவலியோ கழுத்துவலியோ வந்தால், 'எனக்கு வழக்கமா வர்றதுதான்' என்று படுத்துவிடக்கூடாது. 999-ஐ அழைக்க வேண்டும். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நாள் தள்ளினால் மருந்தின் பலன் குறைந்துவிடும். மலேசியாவில் நம் சமூகத்தில் சர்க்கரை நோய் மற்ற சமூகங்களைவிட அதிகம் என்று தேசிய சுகாதார ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சர்க்கரையும் பிரஷரும் உள்ளவருக்கு முதன்முறையாகத் தலை சுற்றினால் ஒற்றைத் தலைவலி என்று நினைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். இன்னொன்று பெண்களுக்கு: கண்ணில் மின்னல் தெரியும் வகை ஒற்றைத் தலைவலி இருந்தால், ஈஸ்ட்ரஜன் கலந்த கருத்தடை மாத்திரை பக்கவாத ஆபத்தைக் கூட்டும். அதை டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, மருந்துக்கு வருவோம். கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் சுற்றலையும் வாந்தியையும் அடக்கும் ஸ்டெமெட்டில் ஊசி போட்டு, பெட்டாஹிஸ்டின் மாத்திரை கொடுத்து அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். கடுமையாகச் சுற்றி வாந்தி எடுக்கும் நாளில் ஸ்டெமெட்டில் உதவும், அதில் தவறில்லை. ஆனால் எட்டு மாதமாக ஸ்டெமெட்டில் மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு, வேலைக்குக் கிளம்பும் முன் 'எதற்கும் ஒன்று' என்று போடுவதுதான் எனக்குக் கவலை. இந்த வகை மாத்திரைகள் சமநிலை உணர்வையே மட்டுப்படுத்துகின்றன. ஓரிரு நாளுக்கு மேல் தொடர்ந்தால் மூளை தானாகச் சரிசெய்துகொள்ளும் வேலை தாமதப்படும். நீண்ட நாள் எடுத்தால் கைகால் நடுக்கமும் இறுக்கமும் வரலாம். பெட்டாஹிஸ்டின் பெரும்பாலும் மெனியர் நோயை மனதில் வைத்துக் கொடுப்பது, ஒற்றைத் தலைவலிக்கான மருந்தல்ல. பானாடோலும் அப்படித்தான் கணக்குப் பார்க்க வேண்டியது. மாதத்தில் 15 நாளுக்கு மேல் சாதாரண வலிமாத்திரை போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகைக்கும் கலப்பு வலிமாத்திரைகளுக்கும் 10 நாள்தான் எல்லை.

மாதத்தில் பல நாள் இப்படி வருகிறவர்களுக்குத் தடுப்பு மருந்து பற்றிப் பேச வேண்டும். புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோபிராமேட், ஃபுளூனரிசின் ஆகியவை வழக்கமாகக் கொடுக்கப்படுபவை. எது யாருக்கு என்பது உடம்பைப் பொறுத்தது. ஆஸ்துமா இருந்தால் புரோப்ரனலால் கூடாது. கர்ப்பம் தரிக்க வாய்ப்பிருந்தால் டோபிராமேட் கூடாது. ஃபுளூனரிசின் எடையைக் கூட்டும், மனச்சோர்வு இருந்தவர்களுக்கு ஒத்துவராது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் ஃபுளூனரிசின் எடுத்தவர்களுக்குத் தலைச்சுற்றல் குறைந்தது. ஆனால் இந்த நோயில் பெரிய ஆய்வுகள் இன்னும் குறைவு, ஒற்றைத் தலைவலிக்கு உதவும் மருந்துகளையே இதற்கும் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்பதுதான் உண்மை நிலை. வந்த சுற்றலை உடனே நிறுத்த டிரிப்டான் வகையைச் சேர்ந்த ரிசாட்ரிப்டான் உதவுமா என்று பார்த்த ஓர் ஆய்வு 2024-இல் வெளியானது, மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை. தடுப்பு மருந்து எதுவானாலும் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பத்து நாளில் 'ஒன்றும் ஆகவில்லை' என்று நிறுத்திவிட்டு வருகிறவர்கள்தான் எங்களிடம் அதிகம்.

என் பங்கு வருவது இதற்குப் பிறகு. விழுந்துவிடுவோமோ என்கிற பயத்தில் தலையை அசைக்காமல், கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு நடக்கப் பழகிவிடுகிறோம். அப்படி இருக்க இருக்க அசைவு இன்னும் கூசும். சென்ற வருடம் ஒரு ஆசிரியை வந்தார். பேரங்காடியில் இரு பக்கமும் பொருள் அடுக்கிய வரிசைக்குள் போனால் தள்ளுவண்டியின் பிடியை விடவே முடியாது என்றார். ஒரு சின்னத் தாளில் 'அ' என்று எழுதி, அவர் கண் மட்டத்தில் சுவரில் ஒட்டினேன். ஓர் எட்டு தள்ளி நின்று, எழுத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், 'இல்லை இல்லை' என்பது போல் தலையை மெல்ல இடம் வலமாக ஆட்டச் சொன்னேன். ஐந்து ஆட்டத்தில் 'எழுத்து நீந்துது' என்று சொல்லி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அன்று அதோடு நிறுத்தினோம். வீட்டில் இருபது விநாடி, நாளைக்கு மூன்று முறை. ஒவ்வொரு வாரமும் பத்துப் பத்து விநாடி கூட்டினோம். ஐந்தாவது வாரம் ஒரு நிமிடம் முழுக்க அந்த 'அ' சுவரிலேயே அசையாமல் நின்றது. அதற்கப்புறம்தான் பேரங்காடி. முதலில் கூட்டம் இல்லாத காலை நேரத்தில், ஒரே ஒரு வரிசை.

இதில் ஒரு எச்சரிக்கை. காது நரம்பு பழுதானவர்களுக்குக் கொடுப்பது போல வேகமாக இந்தப் பயிற்சியைக் கொடுத்தால், ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு அது தலைவலியைக் கிளப்பிவிடும். பயிற்சி முடிந்த கால் மணி நேரத்துக்குள் கிறுகிறுப்பு அடங்க வேண்டும். அடங்கவில்லையென்றால் அளவு அதிகம் என்று பொருள், பாதியாகக் குறையுங்கள். சுற்றல் வந்திருக்கும் நாளில் செய்யவே வேண்டாம். சமையல் மேடையின் விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரல்நுனியில் ஒட்டி வைத்து நிற்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரம் போதும்.

மனக்கவலை என்று சொன்னார்களே, அது உங்களைப் புண்படுத்தியிருப்பது எழுத்திலேயே தெரிகிறது. கவலை இருக்கத்தான் செய்யும். காலடியில் தரை நிலையாக இல்லாத ஒருவருக்குப் பதற்றம் வராமல் எப்படி? சமநிலைப் பாதைகளும் பயத்தைக் கையாளும் மூளைப் பகுதிகளும் நெருங்கிய தொடர்புடையவை, அதனால் ஒன்று மற்றதைத் தூண்டுகிறது. ஆனால் கவலைதான் காரணம் என்று எழுதி மூடிவிடுவது சரியில்லை. சுற்றல்களுக்கு நடுவிலும் ஆட்டம் நிற்காமல் மூன்று மாதத்துக்கு மேல் நாள்தோறும் இருந்தால், அது நீடித்த தலைக்கிறுகிறுப்பாக மாறியிருக்கலாம். அதற்கு வேறு சிகிச்சை முறை இருக்கிறது, டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தயிர், சாக்லேட், அஜினோமோட்டோ என்று நீளமான பட்டியல் போட்டு எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டாம், பெரும்பாலோருக்கு அதனால் பலன் இல்லை. வேளை தவறிச் சாப்பிடுவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும்தான் பெரிய தூண்டுதல்கள். வேலை நாளில் மூன்று கப் தே தாரிக் டீ, லீவு நாளில் ஒன்றுமில்லை என்றால் அந்த லீவு நாளே தலைவலி நாளாகிவிடும், தினமும் ஒரே அளவு வைத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏற வேண்டும் என்று வேண்டுதல் இருப்பதாகச் சொன்னீர்கள். ஏறலாம். ஆனால் வெறும் வயிறு, வெயில், உறுமிச் சத்தம், நெரிசல், தூக்கமில்லாத இரவு எல்லாவற்றையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். விரதத்தைப் பாலும் பழமும் எடுத்துக்கொண்டு இருங்கள், தண்ணீரை விடாதீர்கள், அதிகாலையிலேயே போய்விடுங்கள்.

கடைசியாக வேலை. விட வேண்டியதில்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் வேலை நேரம் மாற வேண்டும். மூன்று நாள் பகல், மூன்று நாள் இரவு என்று சுழலும் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்தான் உங்களுக்குப் பெரிய தூண்டுதல் என்று படுகிறது. தூக்க நேரம் மாறுவதை இந்த மூளை தாங்காது. நிலையான பகல் ஷிஃப்ட் கேட்பதற்கு டாக்டரின் கடிதம் வேண்டும், கடிதத்துக்கு நோயின் பெயர் வேண்டும், பெயருக்கு உங்கள் குறிப்புகள் வேண்டும். ஒரு பள்ளி நோட்டில் தேதி, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எவ்வளவு நேரம், தலைவலி இருந்ததா, வெளிச்சம் கூசியதா, முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், மாதவிடாய் நாளா என்று ஆறு வாரம் எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு அரசு கிளினிக்குக்குப் போங்கள், கட்டணம் 1 ரிங்கிட்தான். அங்கிருந்து நரம்பியல் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள். தேதி கிடைக்கத் தாமதமாகலாம், அதற்குள் தடுப்பு மருந்தை அந்தக் கிளினிக் டாக்டரே தொடங்க முடியுமா என்றும் கேளுங்கள். சுற்றல் இருக்கும் நாளில் மோட்டார் சைக்கிள் ஓட்டவே கூடாது.

கம்பெனி பஸ்ஸில் பினாங்குப் பாலத்தைக் கடக்கும்போதுதான் அதிகமாக ஆடுகிறது என்றீர்கள். பதின்மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஓரக் கம்பிகள் கண்ணுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருந்தால் ஆடத்தான் செய்யும். டிரைவருக்குப் பின்னால் முதல் வரிசையில் இடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கைப்பேசியைப் பையில் போட்டுவிடுங்கள். தீவை நோக்கிப் போகும்போது முன்கண்ணாடியில் மலை தெரியும், அது நகராது. இறங்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டே போங்கள்.